அஃப்ரீத் பிரியாணிக் கடைப் பலகை ஒளிபெற்ற படலம்

சால்டரிங் கோலே செங்கோலாய், ஈயப்புகையே வெண்கொற்றக்குடையாய், மிக்சி பழுதுபார்க்கும் பத்தடி அறையே அரண்மனையாய் ஆளுகின்ற கரிசல்நாட்டு மங்கை, அருப்புக்கோட்டைக்கு வாய்த்த அஞ்சாநெஞ்சள், தறிவேந்தன் சௌடையாவின் தவப்புதல்வி ஹேமலதாவை முதலில் வணங்குவோம். வாய் தவறினாலும் வாக்குத் தவறாதவள் அவள். வாய் தவறியதால் வந்ததே இப்போர்.

பாலவனத்தம் ரோட்டில் பிரியாணிக்கடை திறக்கத் துணிந்த மைதீன் பிச்சை, ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மகன் அஃப்ரீத்தின் பெயரையே கடைக்குச் சூட்டி, அப்பெயர் ஓடும் எழுத்தில் ஒளிர்வதை மகன் செல்போனில் கண்டு களிக்க வேண்டுமென்று எல்.இ.டி. பலகை கேட்டு மதுரைக்குச் சொல்லியனுப்பவிருந்த வேளையில், மளிகைக்கடை வாசலில், பத்துப் பேர் முன்னிலையில், "மதுரைக்கு எதுக்குப் போறீங்க பாய், நானே செஞ்சு தாரேன்" என்று சூளுரைத்தவள் நம் நாயகி. அந்தப் பத்துப் பேரும் திறப்புநாளன்று தவறாமல் வந்துவிட்டார்கள். பலகை எரியாவிட்டால் இனி அவளை நம்பி ஒருவரும் மிக்சிகூடத் தரமாட்டார்கள்.

காலை ஒன்பது மணி. பதினொன்றுக்கு மகன் போனில் வருவான், அதற்குள் எரியாவிட்டால் ஃப்ளெக்ஸைக் கட்டிவிடுவேன் என்று மைதீன் பிச்சை அறிவித்துவிட்டார். கல்லாவுக்கு அடியில் வீற்றிருந்த விரல்நீள மைக்ரோகண்ட்ரோலரோ நொடிக்கு இரண்டு கோடி முறை துடித்து, பட்டை ஒயர் வழியே வாசலுக்கு மேலிருந்த பலகைக்கு ஆணை அனுப்பியது. அனுப்பிய ஆணை ஒன்று, அடைந்த ஆணை வேறு. 'அஃப்ரீத்' என்று சுடர வேண்டிய பெயர், ஆய்தம் பறந்து, ரகரம் முறிந்து, தகரம் தன் தலைப்புள்ளியை இழந்து, பச்சையும் சிவப்புமாய்த் தெறித்துக் களத்தில் கிடந்தது.

சினந்தெழுந்தாள் ஹேமலதா. மின்சாரப் பெட்டியை மாற்றினாள், பகை மாளவில்லை. முனைகளை இறுக்கினாள், நிரலை மூன்று முறை திருத்தினாள், அப்போதும் மாளவில்லை. துடிப்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்ததும் எழுத்துகள் ஒழுங்காக அணிவகுத்தன. மைதீன் பிச்சை மகிழ்ந்தார், பதின்மரும் இது போதும் என்றனர். ஆனால் அவள் தன் செல்போனை உயர்த்தி நோக்க, ஐயகோ, பலகை நெடுகக் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன. வேகம் குறைந்ததால் வந்த, கண்ணுக்குத் தெரியாத சிமிட்டல் கேமராவுக்குத் தெரிந்துவிட்டது.

"பாக்க வேண்டியது அஃப்ரீத் அண்ணன். அவருக்குத் தெரியாத போர்டு எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன? வேகத்தக் கொறைக்க மாட்டேன்" என்று முழங்கினாள்.

மணி பத்தரை. பலகைக்குப் போகும் பட்டை ஒயரில் மிச்சமாகிக் கல்லாவுக்கடியில் சுருண்டு கிடந்த பகுதியை ஒதுக்கக் கை வைத்தாள். எழுத்து குலுங்குவதாக வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள். கையை எடுத்தாள், நின்றது. வைத்தாள், குலுங்கியது. பகைவன் அகப்பட்டான். வேறெவனுமல்லன், இரண்டு நாள் முன்பு அவளே நூற்கண்டு போல அழகழகாகச் சுற்றிவைத்த எட்டடி ஒயர். சௌடையா வீட்டில் நூல் அறுந்தால் முடிபோடுவார்கள். முழு நூலில் கத்தரி வைக்க எவருக்கும் கை வராது. அந்தக் குணம் ஒயரிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அத்தனை வேகத்தில் பாயும் ஆணைகள் அவ்வளவு நீளத்தில் ஒன்றோடொன்று முட்டிச் சிதைந்தே போய்ச் சேர்ந்தன. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆயினும் கலங்காள், கத்தரிக்கோலை உருவி, கண்ணை இறுக மூடி, ஒரே வெட்டில் ஒரு சாண் நிறுத்தி எஞ்சியதை வீழ்த்தி, முனை பூட்டி, மைக்ரோகண்ட்ரோலரைக் கையோடு கொண்டு ஏணியேறி, பலகையின் முதுகிலேயே அதை அரியணை ஏற்ற, முழு வேகத்தில் 'அஃப்ரீத் பிரியாணி' என்னும் திருநாமம் சுடர்ந்தோட, பதின்மரும் ஆர்ப்பரிக்க, மைதீன் பிச்சை கண்கலங்கிப் போனை உயர்த்த, ஒரு கறுப்புக் கோடுமின்றி அப்பெயர் கடல்கடந்து ஷார்ஜா சேர, ஏணி உச்சியில் நின்ற வெற்றிமகள் மூச்சையடக்கி அஃப்ரீத் திருவாய் மலரக் காத்திருந்தாள்.

"அத்தா, போர்டு இருக்கட்டும், போனக் கொஞ்சம் கீழ எறக்குங்க, பிரியாணி தெரியல" என்றான் அவன்.