தலை ஜோடிக்கு மயிலிறகு அருள்வாக்கு

யுத்த காலம். பங்கீட்டில் வந்த நூல் பாதித் தறிக்குக்கூடப் போதவில்லை. அந்த நூலையும் பணயம் வைத்துத் திருத்தணி நெசவாளர்கள் சீட்டாடினார்கள் என்றால், பின்னால் தெய்வ பலம் இருந்திருக்க வேண்டும். இருந்தது. அதன் பெயர் பீலிச் சாமியார்.

ஞாயிறுதோறும் நந்தியாற்றங்கரை மாந்தோப்பில் கூட்டம் நெரிந்தது. மணவூரிலிருந்து ரயிலேறி வந்தார்கள். கனகம்மாசத்திரத்திலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். முருகனுக்கு வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அவரைப் பார்க்கப் படி ஏற வேண்டும். சாமியார் தரையிலேயே கிடைத்தார்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் கஜபதி, அரக்கோணம் பட்டாள முகாமில் சமையல் செய்து திரும்பியவர். ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டு திறந்திருக்கும். சுற்றுக்கு ஒரு சிட்டம், அதாவது ஒரு கற்றை நூல்தான் கட்டலாம், மேலே கூடாது. நடுவிலுள்ள பெரிய சீட்டுக்குக் கையில் ஜோடி இருந்தால் அது தலை ஜோடி. இருவருக்கு ஒரே தலை ஜோடி வந்தால், கையிலுள்ள மற்றச் சீட்டான துணைச் சீட்டு யாருக்குப் பெரிதோ அவருக்கே நூல்.

சங்கடம் இங்கேதான். தலை ஜோடி வந்து, துணைச் சீட்டு சோப்ளாங்கியாக இருந்தால் நூல் கட்டி ஆடுவதா, சீட்டை எறிந்து ஒதுங்குவதா? யோசிக்க வேண்டிய கேள்வி. யோசிப்பது நம்மவர்களுக்குத் தலைவலி. ஆகவே சீட்டைச் சாமியாரிடம் காட்டினார்கள். அவர் மயிலிறகால் தொடுவார். நடுங்கினால் ஆடு, நடுங்காவிட்டால் எறி. காணிக்கை அரைச் சிட்டம். கஜபதியும் மிகுந்த பக்தியோடு தம் சீட்டைக் காட்டுவார். பெரும்பாலும் ஜெயிப்பதும் அவரே. பக்தியின் பலன் என்று ஊர் மெச்சியது.

நெசவாளர் தேசப்பன் இரண்டு மாதத்தில் வீட்டு நூலையெல்லாம் இப்படித் தொலைத்தார். தறி நின்றது. மிச்சமிருந்த நாலைந்து சிட்டங்களோடு அவர் கிளம்பிய ஞாயிறு, மனைவி ரஞ்சிதமும் பின்னாலேயே வந்து நின்றாள்.

நடுவில் ராஜா, ஒன்பது, ஆறு. தேசப்பன் கையில் ராஜாவும் இரண்டும். கஜபதியின் சீட்டைப் பார்த்து முடித்த சாமியார் அதையும் பார்த்தார். இறகு நடுங்கியது, ஆடு. பக்கத்திலிருந்த இன்னொரு நெசவாளர் வேணுவின் சீட்டைப் பார்த்தார். இறகு அசையவில்லை, எறி. வேணு கும்பிட்டுவிட்டு எறிந்தார். முடிவில் கஜபதி ராஜாவும் பத்தும் காட்டி அத்தனை நூலையும் வாரிக்கொண்டார்.

ரஞ்சிதம் குனிந்து, வேணு எறிந்த சீட்டைப் புரட்டினாள். ராஜாவும் ராணியும்.

"கெலிக்கிற சீட்ட எறிய சொல்றாரு, தோக்கிற சீட்ட ஆட சொல்றாரு. இன்னா சாமி இது?"

பக்திக் குறைவு, முன்வினை, பெண்ணின் நிழல் என்று சாமியார் காரணங்களை அடுக்கினார். அவள் வாதாடவில்லை. புருஷனின் இரண்டு சீட்டையும் பலகைமேல் கவிழ்த்து வைத்து, இப்படியே பார்த்துச் சொல்லச் சொன்னாள். கண் படாத சீட்டில் அருள் இறங்காது என்றார் அவர்.

"எல்லாம் தெரிஞ்ச முருகனுக்கு, தெறந்து காட்னாத்தான் தெரியுங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் இறகு இறங்கியது. நடுங்கியது, ஆடு. சீட்டுகளை முந்தானைக்குள் எடுத்துக்கொண்ட ரஞ்சிதம், சற்றுப் பொறுத்து மறுபடி இரண்டு சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். எறி. மூன்றாம் முறை வைத்தாள். ஆடு.

திருப்பிக் காட்டினாள். ராஜாவும் இரண்டும். முந்தானையை உதறினாள். வேறு சீட்டு எதுவும் விழவில்லை. மூன்று முறையும் அதே சீட்டுதான்.

"எல்லார் சீட்டையும் பாத்துகினு இந்த ஆள ஜெயிக்க வெக்கிறாரு. நடுங்கறது எறகு இல்ல, இவரு கை."

எல்லோரும் கஜபதியைப் பார்த்தார்கள். கஜபதி ஆற்றைப் பார்த்தார். போய்த் தேடியபோது அவர் வீட்டுப் பரணில் ஊர் நூலெல்லாம் இருந்தது, சாமியாரின் மாற்றுவேட்டியோடு. அவரவர் நூலை அவரவர் முடிச்சை வைத்து அடையாளம் கண்டு எடுத்துப் போனார்கள். கஜபதியும் சாமியாரும் அன்றே ரயிலேறினார்கள்.

வேணுவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. இனி ராஜாவும் இரண்டும் வந்தால் ஆடுவதா, எறிவதா என்று ரஞ்சிதத்தையே கேட்டார்.

"எத்தினி பேரு எறியாம நிக்கறாங்க, உன் தொணைச் சீட்டு எவ்ளோ சின்னதுன்னு பாரு. அத யோசிக்க முடியலன்னா ஊட்டுக்குப் போயி தறி ஓட்டு."

ஆங், சரி என்று தலையாட்டிய வேணு, போகிற வழியில் சாமியார் விட்டுச் சென்ற இறகைப் பொறுக்கி மடியில் செருகிக்கொண்டார். ராசிக்காம்.

ஐயா, கழுத்துக்கு மேலே இருப்பது தலைப்பாகை கட்டிக்கொள்ள மட்டும்தானா?