மேர்சி அக்காவின் முழங்காலும் பிரெஞ்சு வினைச்சொல்லும்

குருநகர்.

அன்பும் மரியாதையும் நிறைந்த கனிசியஸ் அண்ணைக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். பாரிசில் நீங்களும் அண்ணியும் கல்யாண மாப்பிள்ளை லெனாட்டும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

இன்று விடிந்ததும் தேத்தண்ணிக்குக்கூட அடுப்பு மூட்டாமல், பக்கத்து வீட்டு மேர்சி அக்கா பக்கமுள்ள யன்னலைச் சாத்தினேன். காரணம் நீங்கள்தான். பெண் வீட்டார் பிரெஞ்சுக்காரர், கல்யாணப் பூசையில் லெனாட்டின் மாமி நான்தான் பிரெஞ்சில் மன்றாட்டு வாசிக்க வேண்டும் என்றீர்கள். படித்தவள்தானே என்று நானும் ஓம் சொல்லிவிட்டேன். அண்ணை, அந்த மொழியில் வினைச்சொல்லின் வாலில் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத ஆட்கள் மாதிரி மூன்று எழுத்து நிற்கும், ஒன்றையும் உச்சரிக்கக் கூடாது. முன்சொல்லின் கடைசி எழுத்தோ தன் வீட்டில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு அடுத்த வீட்டுக்குள் புகுந்து சத்தம் போடும். நூ-ஸெ-மோன், வூ-ஸெ-மே, இல்-ஸெம். நேசிக்கிறோம், நேசிக்கிறீர்கள், நேசிக்கிறார்கள் என்று சொல்வதற்கே இவ்வளவு பாடு. போன கிழமை ஒருநாள் அசை பிரித்துப் பழக வேறு வழி தெரியாமல் மாதா பிரார்த்தனை இராகத்தில் இழுத்துச் சொன்னேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு வரி முடியவும் மதிலுக்கு அங்காலிருந்து, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று மேர்சி அக்காவின் குரல்!

"அக்கா, இது செபமில்லை."

"எனக்குச் சொல்லுறியே? லூர்து மாதா பிரெஞ்சிலைதானே கதைச்சவ. நிப்பாட்டாதை பிள்ளை, என்ரை முழங்கால் நோ குறையுது."

மறுநாள் நாலைந்து பெண்கள் மெழுகுதிரியோடு வந்து என் விறாந்தையில் முழந்தாளிட்டார்கள். எதிர்கால வடிவங்களைச் சொன்ன அன்று அவர்களில் ஒருத்தியான றொசாந்தியின் புருசனுக்குக் கனடா விசா வந்துவிட்டது. இனி நான் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது.

ஆனால் அண்ணை, அங்கே கோயிலில் என்னால் ஏலாது. எனக்குப் பயம் மொழியில் இல்லை, நான் வாய் திறக்க எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே, அதில்தான் என்று இப்போது விளங்குகிறது. நான் தடுமாறி லெனாட்டைத் தலைகுனிய வைக்கக் கூடாது. மன்றாட்டை அண்ணியின் தங்கைக்குக் கொடுத்துவிடுங்கள். நான் கடைசி வாங்கில் பட்டுச்சேலையோடு இருந்து அழுகிறேன், அது எனக்கு நன்றாக வரும்.

கல்யாணப் பிள்ளைகள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் வாழ ஆண்டவர் துணை நிற்கட்டும்.

உங்கள் தங்கை,
பெர்னடெட்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போக, வாசலில் மேர்சி அக்கா. "என்னடி, மாதாவோடை கோவமே? சனம் வந்து நிக்குது." வெளியே போனேன். விறாந்தை நிறைய ஆட்கள், அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. தொடங்கினேன், ஓரிடத்திலும் நாக்குத் தடுக்கவில்லை. மன்றாட்டை ஒருத்தருக்கும் குடுத்திடாதேயுங்கோ அண்ணை. நானே வாசிக்கப் போறன். என்ரை மனிசனுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.