ஒன்பது சீர்க்கூடையும் ஒரு கருவாட்டுக் கூடையும்

மேனாம்பேடு, அம்பத்தூர்
3-1-1975, வெள்ளிக்கிழமை

மதிப்பும் மரியாதையும் உள்ள சம்பந்தியம்மா வேம்புலியம்மாள் அவர்களுக்கு, உங்கள் மருமகள் பேபியைப் பெற்றவளாகிய பொன்னியம்மா கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான், மகன் தங்கவேல், பேரப்பிள்ளைகள் எல்லாரும் நலம். மருமகள் நாகவல்லியும் நலம்தான், அவளுக்கென்ன. வேப்பம்பட்டில் நீங்கள், உங்கள் வீட்டுக்காரர் அய்யாசாமி அண்ணன், மாப்பிள்ளை குணசேகரன், உங்கள் வீட்டுக் கோழிகள் உட்பட எல்லாரும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இருக்காது. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

போன கார்த்திகை இரண்டாம் ஞாயிறு, பேத்தியின் காதுகுத்துக்கு உங்கள் ஊர் அம்மன் கோயிலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் நான் இல்லை என்று சொல்லக்கூடாது. நான். சீர் கொண்டுவந்த தாய்மாமன் தங்கவேல். நாகவல்லி, இடுப்பில் அவள் கடைக்குட்டி. பேபி, மடியில் பதினோரு மாதக் குழந்தை. மாப்பிள்ளை. நீங்கள். அண்ணன். உங்கள் தம்பி கோவிந்தன். காது குத்த வந்த ஆசாரி. பூசாரி. கூப்பிடாமலே வந்த ஒரு பூனை.

அந்தப் பூனையில் ஆரம்பித்த வினைதான் இது. போன வாரம் தங்கவேல் பொங்கலுக்குத் தங்கச்சியை அழைக்க வந்தபோது நீங்கள் வாசலிலேயே நிறுத்தி, "கருவாட்டுக் கூடை ஊட்டுக்கு எம் மருமவளை அனுப்ப மாட்டேன்னு உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு" என்றீர்களாம். அவன் வந்து சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். என் பெண்ணைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவள் இல்லாமல் ஒரு பொங்கலுக்கும் அம்மா வீட்டுப் பானை பொங்கினதில்லை. அதனால் கோயிலுக்கு வந்த அந்தக் கருவாடு எங்கள் வீட்டுக் கருவாடு இல்லை என்று ருசுப்படுத்தவே இந்தக் கடிதம்.

எல்லாவற்றுக்கும் மூலம் வயர்க்கூடை. எங்கள் தெருவில் சாராள் என்று ஒருத்தி, மாதா கோயிலுக்குப் போகிறவள், நல்லவள்தான், ஆனால் சும்மா இருந்த தெருவுக்கே கூடை பின்னச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். என் மருமகள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். மூன்று பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிறவள், வேலையா இல்லை? ஆனால் அவள் அடுப்பில் உலை வைத்துவிட்டு நாலு முடிச்சு, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நாலு முடிச்சு, தங்கவேல் பேக்டரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் நாலு முடிச்சு. கால் கட்டைவிரலில் வயரை மாட்டி இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் நான் கூப்பிடுவது அடுத்த தெருவுக்குக் கேட்கும், அவளுக்குக் கேட்காது. மடியில் குழந்தை, குழந்தை மேல் கூடை, கூடைக்குள் பெரியவனின் சிலேட்டு. வீடு முழுக்க வெட்டின வயர்த் துண்டு. ஒருநாள் ரசத்தில் கிடந்த சிவப்புத் துண்டை மிளகாய் என்று தங்கவேல் அரை நாழிகை மென்றான். "இன்னாம்மா, மொளகாயில ஒறப்பே இல்ல" என்றான். பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கவில்லை. "நல்லா பின்றா இல்லம்மா?" என்று என்னைக் கேட்டான்.

காதுகுத்து என்றதும் சீருக்குத் தாம்பாளம் எடுப்போம் என்றேன். "ஏழு மணி ரயில்ல தாம்பாளத்த யாரு தலை மேல வெச்சிகினு போறது அத்தே? தேங்கா ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் உருளுவீங்க. நான் மூடி போட்ட கூடையாப் பின்னித் தரேன்" என்றாள். பேச்சைப் பாருங்கள். ஆனால் பின்னினாள். சிவப்பும் மஞ்சளுமாக ஒரே அளவில், ஒரே முடிச்சில், மூடி போட்டு ஒன்பது கூடை. சீர் ஒற்றைப்படையில் போகவேண்டும் அல்லவா. வயர் மீந்துபோய்விட்டது. அதில் பத்தாவதாக எனக்கு ஒன்று பின்னி, "இது ஒங்க மார்க்கெட் கூடை அத்தே" என்றாள். பத்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. குழம்பிப்போகக் கூடாது என்று என் கூடையின் கைப்பிடியில் நான் கறுப்புக் கயிறு கட்டினேன். அந்தக் கவனம் இந்த வீட்டில் வேறு யாருக்கு வரும்? சனிக்கிழமை மார்க்கெட்டில் இரண்டு கை நெத்திலிக் கருவாடு வாங்கி, திங்கட்கிழமை குழம்புக்கு ஆகும் என்று அந்தக் கூடையிலேயே வைத்து அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன்.

ஞாயிறு விடியற்காலையில் பிள்ளைகள் எழுந்துவிடும் என்று விளக்குக்கூட ஏற்றாமல் நானே எல்லாம் எடுத்துவைத்தேன். மருமகளைத் தொடவிடவில்லை, அவள் கைக்கு வயர்தான் சரி. அப்போது அடுப்புத் தணல் வெளிச்சத்தில் ஆணியில் அந்தக் கறுப்புக் கயிறு கண்ணில் பட்டது. நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது கறுப்பைப் பார்க்கலாமா? உடனே கூடையை இறக்கி, கயிற்றை என் கையாலேயே அரிவாள்மணையில் அறுத்து அடுப்பில் போட்டுவிட்டு, கூடையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். மற்ற ஒன்பதையும் வாசலில் வரிசையாக வைத்தேன். எண்ணினேன், ஒன்பது. அம்பத்தூர் ஸ்டேஷனில் எண்ணினேன், ஒன்பது. எங்கள் வீட்டில் தவறு நடக்க வழி உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

ரயிலில் ஏறினதிலிருந்தே கருவாட்டு வாடை. எதிரில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். நல்ல நாளும் அதுவுமாக இப்படி வருகிறாளே என்று பட்டாபிராம் வரைக்கும் அவளை முறைத்தேன். அவளும் என்னை முறைத்தாள், திமிர் பாருங்கள். நடுவில் ஆவடியில் கூட்டம் ஏறியது. ஏறின பெண்கள் கையில் எல்லாம் வயர்க்கூடை. சாராள் தெருவுக்குச் சொல்லிக்கொடுத்தால் இன்னொருத்தி ஊருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதில் ஒருத்தி மஞ்சளும் சிவப்புமாக வைத்திருந்தாள், நான் பார்த்தேன். வேப்பம்பட்டில் உங்கள் தம்பி கோவிந்தன் வண்டி கட்டிக்கொண்டு வந்து, "குடும்மா, நான் தூக்கறேன்" என்று ஒன்பதையும் வாங்கினார். கேட்காமல் உதவி செய்கிற ஆண்பிள்ளையை நான் நம்பினதே இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். ஒவ்வொரு கூடையாகத் திறந்தீர்கள். தேங்காய், வெற்றிலை, பழம், கற்கண்டு என்று எட்டு கூடை சரி. "இதுல தான் மாமன் எடுத்த பட்டுப் பாவாட" என்று தங்கவேல் சொல்ல, சபை பார்க்கவேண்டும் என்று ஒன்பதாவதைத் தலைக்கு மேல் தூக்கித் திறந்தீர்கள். நெத்திலி உதிர்ந்தது, பூனை உங்கள் தோளில் ஏறியது. "இன்னா நைனா, தங்கச்சி புள்ளைக்கு மாமன் சீரா, இல்ல கொயம்பு வெக்கச் சாமானா?" என்று கோவிந்தன் கேட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கீது. ஆசாரி மூக்கைப் பிடித்துக்கொண்டதால் ஒரு கையால்தான் குத்தினார், இடது காது கொஞ்சம் மேலே போய்விட்டது. நல்லவேளை, தோட்டை நான் என் சுருக்குப்பையில் வைத்திருந்தேன். குழந்தை அலறியது, கையில் அகப்பட்ட நெத்திலி ஒன்றை வாயில் வைத்துக்கொண்டது, அழுகை நின்றது. அதையாவது நினைத்துப் பார்க்கக்கூடாதா நீங்கள்?

நான் அங்கேயே விசாரித்தேன். ரயில்காரி மாற்றினாளா, கோவிந்தன் மாற்றினாரா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நாகவல்லி தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் அத்தே. ஆவடியில கொயந்த அழுதுச்சுன்னு கூடைய கீழ வெச்சேன். அப்ப மாத்தி எடுத்துகினு வந்துட்டேன் போல கீது" என்றாள். சபையில் வைத்துக் கேட்டேன், என்ன கேட்கவேண்டுமோ அதை எல்லாம். அவள் அம்மா வீட்டையும் சேர்த்துக் கேட்டேன். "கண்ணு முன்னால நிக்காத, ஊட்டுக்குப் போ" என்றேன். பதினோரு மணி ரயிலில் குழந்தையோடு போய்விட்டாள். இலையில்கூட உட்காரவில்லை.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஆணியில் என் மார்க்கெட் கூடை. கைப்பிடியில் நான் கட்டின கறுப்புக் கயிறு. உள்ளே நெத்திலிக் கருவாடு, நான் வாங்கினதைவிட ஒரு கை கூடுதலாகவே இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதுதான் சம்பந்தியம்மா என் ருசு. எங்கள் கருவாடு எங்கள் வீட்டில் இருக்கும்போது கோயிலுக்கு வந்தது எவள் வீட்டுக் கருவாடோ. அன்றைக்கே நாகவல்லியின் வயர் கட்டு, கத்தரி எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றினேன். இன்றோடு நாற்பது நாள், ஒரு முடிச்சு போடவிடவில்லை. மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் கைவேலைக் கண்காட்சிக்கு நாகவல்லியின் கூடைதான் முன்னால் வைக்கவேண்டும் என்று சாராள் இரண்டு தடவை வந்து கேட்டாள். வாசலோடு திருப்பி அனுப்பினேன். மாவாட்டும்போது மட்டும் மருமகளின் கால் கட்டைவிரல் தானாக மடங்கி மடங்கி விரிகிறது.

நீங்கள் அவமானம் அவமானம் என்கிறீர்கள். அந்தக் கருவாடு அப்புறம் எங்கே போயிற்று? கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்ததையும், அண்ணன் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டதையும் பேபி சொல்லிவிட்டாள். கூடையும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அதில் முட்டை வைக்கிறீர்களாம். நான் இதை எல்லாம் பெரிதுபடுத்துகிறவள் இல்லை. கல்யாணத்தில் சம்பந்தி வரிசையில் எனக்கு மட்டும் உடைந்த அப்பளம் வைத்தீர்கள், எழுபதாம் வருஷம் வைகாசி மாதம், இலையின் வலது மூலையில். அதையே நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, ஊரில் ஏழெட்டுப் பேரைத் தவிர.

ஆகையால் குற்றம் ரயில்மேல், ஆவடிக்காரிமேல், கோவிந்தன்மேல், கவனமில்லாத என் மருமகள்மேல். எங்கள் வீட்டு நிர்வாகத்தின்மேல் இல்லை. நீங்கள் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பேபியையும் குழந்தையையும் போகிக்கு முதல்நாள் அனுப்பிவைக்கவும். பேத்தியின் இரண்டு காதுக்கும் என் முத்தம், மேலே போன காதுக்கு ஒன்று கூடுதலாக. மாப்பிள்ளைக்கு ஆயுள் பெருகட்டும், அண்ணனுக்கு இருமல் குறையட்டும், உங்களுக்கு அம்மன் நல்ல புத்தி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
பொன்னியம்மா

பின்குறிப்பு: மடிப்பதற்கு முன்னால் ஒருதரம் படித்துப் பார்த்தேன். காலையில் கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டேன் என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறேன். சாயங்காலம் கூடையில் கயிறு இருந்தது என்று இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டும் என் கையெழுத்து. அடுப்பில் எரிந்த கயிறு எப்படி ஆணிக்கு வந்தது?

நான் பிறத்தியார் பெட்டியைத் திறக்கிறவள் இல்லை. கடித உறை வேண்டியிருந்ததால் நாகவல்லியின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில், அவள் கல்யாணப் புடவைக்குள்ளே, பட்டுப் பாவாடை, வளையல், சந்தனக் கிண்ணம். ஒன்பதாவது கூடைச் சாமான் அத்தனையும், ஒரு கசங்கல் இல்லாமல். இருட்டில் கயிறு இல்லாத பத்து கூடையில் நான் எதை ஆணியில் மாட்டினேன், எதை ரயிலுக்குத் தூக்கினேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அவள் பதினோரு மணி ரயிலில் வந்து, ஆணியில் பாவாடை தொங்குவதைப் பார்த்து, அதை ஒளித்துவைத்து, மார்க்கெட்டுக்கு ஓடி அதே நெத்திலி வாங்கி, அதே மாதிரி கறுப்புக் கயிறும் கட்டியிருக்கிறாள். நான் அதை அறுத்தது பாவம் அவளுக்குத் தெரியாது. பெட்டியை மூடுவதற்குள் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றாள்.

"இன்னா அத்தே, பொட்டி தொறந்துகீது?"

"கவரு தேடினேன்."

"கெடச்சுதா?"

"கெடச்சுது" என்றேன். நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து வயர் கட்டை இறக்கினேன். அவள் குடத்தைக்கூட உள்ளே கொண்டுபோகாமல் உட்கார்ந்து கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள்.

நோட்டில் ஏழு தாள் எழுதியாகிவிட்டது, திரும்ப எழுதக் கை வலிக்கிறது. அதனால் மேலே ரயில், கிழவி, ஆவடிக்காரி, கோவிந்தன் வருகிற இடங்களை அடித்துவிட்டதாக நினைத்துப் படிக்கவும். அப்பளத்தை அடிக்கவேண்டாம். கருவாடு எங்கள் வீட்டுக் கருவாடுதான், நான் தூக்கி வந்ததுதான், ஊருக்கே சொல்லிக்கொள்ளுங்கள். பாவாடையைத் தங்கவேலிடம் கொடுத்தனுப்புகிறேன், குழந்தை வளர்வதற்குள் போட்டுவிடுங்கள். நீங்கள் என்னைப் பேசினதை மன்னித்துவிட்டேன், கோவிந்தன் சிரித்ததையும் மன்னித்துவிட்டேன். ஆனால் நாற்பது நாள் நான் திட்டினதை எல்லாம் கேட்டுக்கொண்டு, முகம் கோணாமல் எனக்குச் சோறு போட்டு, இந்த வயதில் என்னை ஒருத்தி முன்னால் தலை குனிய வைத்தாளே, அவளை மட்டும் நான் செத்தாலும் மன்னிக்கமாட்டேன்: நாகவல்லி.