என் இடது காலும் விடுபட்ட ஒரு சொல்லும்

முப்பது ஆண்டுகள் செய்தியாளனாக இருந்தேன். நான் எழுதியதற்கு ஒருமுறைகூடத் திருத்தம் வெளியிட நேர்ந்ததில்லை. வெளியாகியிருக்க வேண்டிய ஒரே திருத்தம் என் இடது காலைப் பற்றியது.

கூட்டங்களிலும் கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் நின்று நின்று அந்தக் காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டது. (ஊரில் ‘வெரிகோஸ்’ என்று சொன்னால்தான் மரியாதை.) லேசர் வைத்துச் சரிசெய்தார்கள். மறுநாளே நடந்தேன். டாக்டர் சொன்னதை வழக்கம்போல் சுருக்கமாகக் குறித்துக்கொண்டேன்: “நரம்பு இனி வராது.” அடுத்த இரண்டு வருடம் கள்ளக்குறிச்சியில் நான் இதைச் சொல்லாத டீக்கடை இல்லை. போடச் சொன்ன இறுக்கமான காலுறை ஒரே மாதத்தில் பைக் துடைக்கப் போனது. மறுபரிசோதனைக்கும் போகவில்லை. குணமான காலுக்கு எதற்கு?

மனைவி மலரின் தம்பி செந்தில், வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டர். அவனுக்கும் அதே நோய். ஆனால் அவனுக்குக் கணுக்கால் மேல் புண்ணாகி, மூன்று மாதமாக ஆறவில்லை. நரம்பைச் சரிசெய்தால்தான் புண் ஆறும் என்று டாக்டர் சொல்லியும், “எப்டியும் திரும்ப வரும்” என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். மலருக்குத் தூக்கமில்லை.

“நீங்க போய் உங்க காலக் காட்டுங்க. வூட்டுக்கு வரச் சொன்னா ஓடிடறான்” என்றாள்.

ஓடும் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் எங்கே ஓடுவான்? வெள்ளிமலைக்கு டிக்கெட் எடுத்தேன். பஸ் மலையேறத் தொடங்கியதும் நானும் தொடங்கினேன்.

“இன்னா மாமா, ஆபரேசன் பேச்சா? டிக்கெட் போட வுடுங்க.”

“ஆதாரம் இருக்குடா!”

எழுந்தேன். வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கி, இடது காலைச் சீட்டின் மேல் வைத்தேன். “எல்லாரும் பாருங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. வழவழன்னு இருக்கா?” நான் காலைப் பார்க்கவில்லை. கூட்டத்தைத்தான் பார்த்தேன். (தொழில் பழக்கம்.)

பின்சீட்டில் தினை மூட்டையோடு இருந்த அம்மா குனிந்து பார்த்தார்.

“ஏங்க, பின்னாடி இன்னா அது, நாக்குப்பூச்சி கணக்கா நெளிஞ்சிகினு இருக்குது?”

திரும்பிப் பார்த்தேன். முட்டிக்குப் பின்னாலிருந்து கெண்டைக்கால் வழியே நீலமாக ஒரு நரம்பு தடித்து இறங்கியிருந்தது.

“யோவ், நம்ம மலை ரோடேதான்யா! கொண்டை ஊசி வளைவுகூட சரியா இருக்குது” என்றார் ஒருவர்.

“காலை எறக்குங்க சார்! கண்ணாடில எனக்கு ரெண்டு ரோடு தெரியுது” என்றார் டிரைவர்.

பஸ்ஸே சிரித்தது. செந்தில் மட்டும் சிரிக்கவில்லை. “பாத்தீங்களா மாமா? இதுக்குத்தான் வேணாம்னேன்” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டான். நல்லது செய்யப் போய், அவன் புண்ணுக்கு ஆயுள் நீட்டிப்பு வாங்கிக் கொடுத்திருந்தேன்.

டாக்டரிடம் நியாயம் கேட்கக் கிளம்பினேன். சாட்சிக்கு வா என்றதும் செந்தில் லீவு போட்டுவிட்டே வந்தான். (நான் திட்டு வாங்குவதைப் பார்க்கத்தான்.) மலரும் வந்தாள்.

“இனி வராதுன்னு சொன்னீங்களே?”

டாக்டர் புது ஸ்கேனை நிதானமாகப் பார்த்தார். “‘அந்த நரம்பு இனி வராது’ன்னு சொன்னேன். லேசர்ல அடைச்ச அது அடைச்சபடியேதான் இருக்கு. இது வேற நரம்பு. வேற நரம்பு வீங்கலாம், காலுறை போடுங்க, வருஷா வருஷம் வாங்கன்னும் சொன்னேனே?”

‘அந்த’. செய்தியைச் சுருக்குகிறவன் கை முதலில் வெட்டும் சொல்.

செந்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். “எனக்கும் திரும்ப வந்தா இன்னா சார் பண்றது?”

“ஆரம்பத்துலயே வந்தீங்கன்னா பெரும்பாலும் ஊசியிலயே சரிபண்ணிடலாம்.”

“அப்ப பண்ணிடுங்க” என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். “வரவே வராதுன்னு நீங்க சொல்லிகினு திரிஞ்சப்ப நம்பிக்கை வரல மாமா. வந்தாலும் பாத்துக்கலாம்ன்றாரு பாருங்க, இத நம்பலாம்.”

அவன் புண் ஆறிவிட்டது. காலுறையோடுதான் டிக்கெட் கிழிக்கிறான். எனக்கும் இரண்டாம் முறை சிகிச்சை முடிந்தது. கிளம்பும்போது மலர் டாக்டரிடம், “முழுசா எழுதிக் குடுத்துடுங்க சார். இவருக்கு ஒரு வார்த்த கம்மியாத்தான் கேக்கும்” என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் எதையும் அடித்துச் சொல்ல முடிவதில்லை. போன வாரம்கூட, “இனிமே பஸ்ஸில் வேட்டியைத் தூக்க மாட்டேன்” என்று சத்தியம் செய்தேன்.

“எந்த பஸ்ல?” என்றாள் மலர்.