வானக் காவலும் வாசல் காவலும்

அன்பும் மரியாதையும் மிக்க அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நாங்களும் நாயும் நலம். அங்கே உன் முழங்கால் வலியும் மாமாவின் முன்கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன கடிதத்தில், வேலை போய்விடும், குடும்பத்தோடு வந்துவிடுகிறேன், மாடி அறையை ஒழித்து வை என்று புலம்பியிருந்தேன் அல்லவா? வேண்டாம் அக்கா. மாமாவின் சாமான்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

நடந்தது இதுதான். எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் ஏவுகணைகளில் எது கொடுத்த காசுக்கு உழைக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. எதிரி வந்தால்தானே கணக்கு? வரவே இல்லை. மேலதிகாரியைக் கேட்டால், "வரலைன்னா அது தடுத்துருச்சுன்னு போடுய்யா" என்கிறார். சரி, இந்தச் சூத்திரம் தேறுமா என்று பார்க்க, ஏவுகணைகளுக்குக் கீழே எங்கள் வீட்டு நாயையும் 'வாசல் காவல்-1' என்று சேர்த்துப் போட்டேன். எங்கள் வீட்டுக்கும் இதுவரை திருடன் வந்ததில்லையே, செலவும் பெரிதாக இல்லை. நாய்தான் முதலிடம். சிரித்துவிட்டு, அந்த வரியை அழிக்க மறந்து அறிக்கையை அனுப்பித் தொலைத்தேன். நேற்றுத் தளபதி கூப்பிட்டுவிட்டார். உள்ளே போனால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "முதல்ல வந்திருக்கே, இது எங்க தயாரிப்பு?" என்றார். "உள்நாடுதாங்கய்யா." "எரிபொருள்?" "மிச்சம் மீதி போதுங்கய்யா." "சத்தம்?" "கொஞ்சம் உண்டுங்கய்யா." அவ்வளவுதான். "நல்ல அறிக்கை" என்று கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். அந்த அலமாரிக்குள் போன கோப்பு வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன் அக்கா, நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னால், உன் தம்பி பெண்டாட்டி, "அந்த வாயில்லா ஜீவனுக்கு இன்னிக்காவது வயிறாரப் போடுங்க" என்றாள். போட்டேன். தின்றுவிட்டுக் குறட்டை விடுகிறது.

மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

உன் பிரியமுள்ள
தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது அலுவலக ஆள் வந்து ஓர் உத்தரவைக் கொடுத்துவிட்டுப் போனான். ஏவுகணை வாங்குவதை நிறுத்திவிட்டு, எல்லை நெடுக 'வாசல் காவல்-1' நிறுவ ஒப்புதலாகிவிட்டதாம். நாளைக் காலை மந்திரி முன்னிலையில் இயக்கிக் காட்ட வேண்டுமாம். வந்தவன் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினான், நாய் காதைக்கூட ஆட்டவில்லை. மாடி அறையை ஒழித்துவிடு அக்கா. நாயும் வருகிறது.