முட்டி சாரும் முதுகில்லாத நாற்காலியும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாலிஷ் போடுகிற கை என்பதால் பேனாவையும் பிரஷ் மாதிரிதான் பிடிக்கிறேன். எழுத்து ஒரு பக்கமாக வழியும். சின்ன லவா பெரிய ளவா என்று சந்தேகம் வந்த இடத்தில், பார்க்க எது அழகாக இருந்ததோ அதைப் போட்டிருக்கிறேன். பத்திரிகையில் இருப்பவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

பெங்களூரில் முட்டி சார் அளவுக்கு மனிதர்களின் முழங்காலைப் பார்த்தவர் வேறு யாரும் கிடையாது. எலும்பு டாக்டர்கள்கூட வலிக்கிற முட்டியைத்தான் பார்ப்பார்கள். இவர் வலிக்காத முட்டியையும் விடமாட்டார்.

அவருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. வழவழப்பான காகிதத்தில் வரும் பத்திரிகைகளில் அதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். நாற்காலி, மேசை, விளக்கு என்று புதிது புதிதாக உருவாக்குகிற டிசைனர். ஆடுகோடியில் அவருடைய பட்டறை. அங்கே பாலிஷ் வேலை என்னுடையது. பட்டறைக்குள் எங்களுக்கு அவர் முட்டி சார்தான்.

நாற்காலி என்பது முட்டியிலிருந்து தொடங்குகிறது என்பது அவர் கொள்கை. ஒருநாள் ஓசூர் ரோடு சிக்னலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த டிராபிக் போலீஸ்காரரின் காலடியில் குனிந்து, முட்டியை அளக்க டேப்பை நீட்டிவிட்டார். போலீஸ்காரர் பயந்துபோய்க் காலை மடக்கிக்கொண்டு, "ஏனு சார், ஏனு மாட்தா இதீரா?" என்ன செய்கிறீர்கள் என்று கன்னடத்தில் அலறினார். "இந்த ஸ்டூல் உங்கள் முட்டிக்குத் துரோகம் செய்கிறது" என்று சார் கன்னடத்திலேயே விளக்கினார். அடுத்த வாரம் புது ஸ்டூல் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து சாரின் ஸ்கூட்டர் அந்த சிக்னலைத் தாண்டினால் சல்யூட்.

கோரமங்களாவில் ஓர் அம்மா, வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது செல்போனையே பார்க்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். சார் லேசாகச் சரிந்த சாப்பாட்டு மேசை ஒன்று செய்து கொடுத்தார். செல்போனை வைத்தால் வழுக்கிக் கீழே விழும். பத்திரிகைகள் பாராட்டின. கூடவே ரசமும் போகிறது என்பதை அவை எழுதவில்லை. அந்த அம்மா போனில் புகார் சொன்னபோது சார் அசரவில்லை. "ரசத்தைக் கொஞ்சம் கெட்டியா வைங்க மேடம்" என்றார்.

இத்தனை செய்தவர் பட்டறையில் உட்காருவது காலி பெயிண்ட் டப்பாவில்.

போன வருஷம் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்டர் வந்தது. இடுப்பு வலி, முதுகு வலிக்காரர்கள் டாக்டருக்காகக் காத்துக் கிடக்கும் ஹாலுக்கு நாற்காலிகள் வேண்டும். "புத்தகத்தைப் பார்த்துச் செய்ய மாட்டேன். நம்ம ஜனங்க எப்படி உக்கார்றாங்கன்னு பார்த்துச் செய்வேன்" என்றார் சார். ஒரு பழைய நாற்காலியைப் போட்டு, எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அவர் எதிரே டப்பாவில் உட்கார்ந்து வரைந்தார்.

தலைமைத் தச்சர் பாஷா பாய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டிமேல் வைத்துக்கொண்டார். என் கூச்சத்துக்கு நான் நாற்காலியைத் தொட்டேன் என்று சொன்னால் போதும். பாரம் முழுக்கக் காலில்தான். மற்றவர்களும் அதே மாதிரி.

சார் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா? ஒருத்தர்கூட சாயலை. நம்ம ஊர் முதுகுக்குச் சாய்மானமே தேவையில்லை."

அப்படிப் பிறந்ததுதான் அந்த நாற்காலி. ஒரு சாண் இடம், முதுகு கிடையாது. ஒற்றைக்காலில் கொக்கு நிற்கிற மாதிரி அழகு. போட்டோ எடுக்க ஆட்கள் வந்தார்கள்.

"சார் எதிர்ல எப்படி பாய் சாயறது?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"அதான்டா தாஸு. மொதலாளி எதிர்ல முதுகைச் சாய்க்கிறதா? தோபா தோபா."

ஒருநாள் மதியம் மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்கச் சார் திடீரென்று திரும்பி வந்தார். பாஷா பாய் பழைய நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் இன்னொன்றில் கொடியில் போட்ட ஈரப் போர்வை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தேன். சாரைப் பார்த்ததும் எல்லோரும் நுனிக்கு வந்துவிட்டோம்.

"இத்தனை நாள் என் எதிர்ல நடிச்சீங்களா?"

"நடிப்பு இல்ல சார், மரியாதை" என்றார் பாய்.

சார் டப்பாவில் உட்கார்ந்தார். "இடுப்பு போனவங்களை எனக்குக் குடுத்த மரியாதையில உக்கார வெக்கப் பாத்தேனே" என்றார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அந்த நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர்கள் மாதக் கடைசிவரை பொறுப்போம், இல்லாவிட்டால் இரும்பு பெஞ்சு வாங்கிப் போட்டுவிடுவோம் என்றார்கள். சாருக்கு அந்த இரும்பு பெஞ்சு தூக்கத்திலும் வந்திருக்க வேண்டும். "நீங்க என் முன்னாடி சாயணும். சாஞ்சாதான் முதுகு எங்க தாங்கணும்னு எனக்குத் தெரியும்" என்று கெஞ்சினார்.

எங்களால் முடியவில்லை. சார் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பார்த்தார். சாரின் முதுகும் சார்தானே. ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து, "இப்ப நான் கூரியர் கொண்டுவந்த ஆள்" என்றார். கூரியர்காரருக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். கடைசியில் அவரே செய்த அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அலமாரிக்குக் கைப்பிடி கிடையாது. கைப்பிடி அழகைக் கெடுக்கும் என்பது இன்னொரு கொள்கை.

"சாஞ்சாச்சா?" என்று உள்ளேயிருந்து குரல்.

"இன்னும் இல்ல சார்."

"சரி, திறங்க."

திறக்கத்தான் வழியில்லை. பாய் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி வெளியே எடுத்தார். "ஒரு கைப்பிடி வெச்சிருக்கலாம்" என்றபடி வியர்வையைத் துடைத்துக்கொண்டார் சார்.

மாதக் கடைசி நெருங்கியது. ஒரு மதியம் சார் சோர்ந்துபோய் மரத்தூளிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி தரையில் இருக்கும்போது நாங்கள் நாற்காலியில் இருப்பதா? எல்லோரும் கீழே இறங்கிவிட்டோம். டிபன் பாக்ஸ்கள் அங்கேயே திறந்தன. பாய் வீட்டுக் குஸ்காவைச் சார் வழித்துச் சாப்பிட்டார். என் மனைவி செல்வி வைத்த கொள்ளு ரசத்தை ஊற்றும்போது பாய் சாதுவாகக் கேட்டார்: "சார், இது கெட்டியா இருக்கா? மேசையில நிக்குமா?"

முதலில் சிரித்தது சார்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாங்களும் சிரித்துச் சிரித்து, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பிளைவுட் பலகைகள்மேல் அப்படியே சரிந்துவிட்டோம். சரிந்தது எங்களுக்கே தெரியவில்லை.

சாரின் சிரிப்பு பாதியில் நின்றது. "யாரும் அசையாதீங்க."

பென்சிலை எடுத்துக்கொண்டு தவழ்ந்து வந்தார். பாயின் தோளுக்குப் பின்னால் பலகையில் ஒரு கோடு. அடுத்தது என் முதுகு. எனக்கு உடம்பு தானாக நிமிரப் பார்த்தது.

"தாஸ், உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். இப்ப மரியாதை குடுத்துடாதீங்க."

அந்தக் கோடுகளும் அந்தப் பலகையின் சரிவும்தான் புது நாற்காலியின் முதுகு. இரும்பு பெஞ்சு வரவில்லை.

போன வாரம் செல்வியின் இடுப்பு வலிக்காக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஹால் நிறைய எங்கள் நாற்காலிகள். செல்வி சாய்ந்து, "இதுல உக்காந்தா டாக்டர் லேட்டா வந்தாலும் பரவால்ல" என்றாள். நானும் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். தலையைத் திருப்பினால், வாசலில் சார். நாற்காலிகளைப் பார்க்க வந்திருக்கிறார். என் கால் தானாகத் தரையை உந்தியது. சார் அங்கிருந்தே, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

குழந்தை சாப்பிடுவதைத் தாய் பார்க்கிற மாதிரி அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது எனக்கு. அவருக்காகத்தான் எழுந்திருக்கவில்லை.

ஜோகுபாளையம், தை மாதம் மூன்றாம் தேதி.