அக்காவின் இரண்டு இடது கைகள்

பிழை விடுவது சுலபம். ஒரு பிழையை வேண்டுமென்றே, அளவாக, பார்க்க லட்சணமாக விடுவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலையை நான் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறேன். செய்யச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாலைந்து வருடங்களுக்கு முன், மானிப்பாயில் எங்கள் வீட்டில் இருந்தபடியே தையல் தொழில் படித்துக்கொண்டிருந்தேன். தொலைக்கல்வி. பாடம் போனில் வரும், மெஷின் அறையில் இருக்கும், படிப்பிக்கும் வளவாளர் எங்கோ தூரத்தில் இருப்பார். (அவருடைய முகத்தை நான் இன்றுவரை கண்டதில்லை. அவர் என் தையலின் உள்பக்கத்தைக்கூடக் கண்டிருக்கிறார்.) வீட்டில் ஒருவருக்கும் இந்தப் படிப்பில் நம்பிக்கை இல்லை. "போனிலை நீச்சல் பழகலாமெண்டால் தையலும் பழகலாம்" என்று அண்ணன் சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். ரவுணில் (நகரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஒரு தையல் கடையில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், சான்றிதழோடு வந்தால். அதனால் எப்படியாவது அதை எடுத்துவிட வேண்டும் என்று நின்றேன்.

சான்றிதழுக்குக் குறுக்கே மின்கோப்பு என்ற ஒன்று நின்றது. தைத்த ஒவ்வொன்றையும் படம் எடுத்து அதில் ஏற்ற வேண்டும். படத்துக்குக் கீழே மூன்று கட்டங்கள். என்ன செய்தீர்கள்? என்ன உணர்ந்தீர்கள்? அடுத்தமுறை எதை மாற்றிச் செய்வீர்கள்?

முதல் பதிவை ஐந்து நிமிடத்தில் முடித்தேன். "பாவாடை தைத்தேன். மகிழ்ச்சி அடைந்தேன். அடுத்தமுறையும் இவ்வாறே தைப்பேன்." அதற்கு வளவாளர் எழுதிய பதில்: "இது அறிக்கை. உங்கள் சிந்தனை எங்கே?"

சிந்தனைதானே வேண்டும் என்று அடுத்த பதிவில் ஊசிக்கும் மனித நாகரிகத்துக்கும் உள்ள உறவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கிய ஆள் அல்லவா! பதில் வந்தது: "அழகாக எழுதுகிறீர்கள். எங்கே தடுமாறினீர்கள் என்று மட்டும் தெரியவில்லை. பிழையே இல்லாத கோப்பிலிருந்து நீங்கள் எதைக் கற்றீர்கள் என்று நான் எப்படி அறிவது?"

இதை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிழையைக் காட்டினால் புள்ளி தரும் ஓர் ஆளை என் வாழ்நாளில் சந்தித்ததில்லை. நாங்கள் படித்த காலத்தில் ஒரு சொல் பிழைத்தால் பக்கத்தையே கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவோம். கொப்பி மெலிந்தாலும் பரவாயில்லை, வெட்டுக்கோடு இருக்கக்கூடாது. இப்படி வளர்ந்த என்னிடம் இந்த அம்மையார் பிழையைக் கேட்கிறாரே, இவருக்கு அதை வைத்து என்னதான் தெரியப்போகிறது என்று எனக்கு உண்மையிலேயே அறிய ஆசையாக இருந்தது.

என்னிடம் பிழைகள் இல்லாமலில்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு பை நிறைய இருந்தன. கழுத்து கோணியது, பட்டன் வைத்த பக்கத்தில் துளையும் வைத்தது, ஒருமுறை என் சொந்தப் பாவாடையையும் சேர்த்துத் தைத்தது. ஆனால் அவையெல்லாம் மானம் போகிற பிழைகள். வெளியார் பார்வைக்கு வைக்க ஒரு கௌரவமான பிழை வேண்டும் என்று எனக்குப் பட்டது.

அந்த நேரத்தில்தான் அண்ணனின் கலியாணம் வந்தது. கொழும்புத்துறையில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா (கணக்கு ரீச்சர், புன்னகைக்கவும் காரணம் கேட்பவர்) மாப்பிள்ளைத் தோழி. தாலி கட்டும்போது பொம்பிளைக்குப் பின்னால் விளக்கு ஏந்தி நிற்க வேண்டியவர். கூறைக்கு அடுத்தபடியாகச் சனம் பார்ப்பது தோழியின் சாறியைத்தான். அந்தச் சாறிக்குரிய சட்டையை அக்கா என்னிடம் தந்தார். "உன்னை நம்பித் தாறன்" என்று ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலையில் சட்டை முடிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது ஒரு குறையும் இல்லாத சட்டை. அதைத் தூக்கிப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. இறுதிப் பதிவை அன்று மாலைக்குள் ஏற்ற வேண்டும். அதில் பிழையைக் காட்டி எழுதுவதற்கென்றே இருபது புள்ளி ஒதுக்கியிருந்தார்கள்.

சட்டைக் கையின் முன்பக்கத்தைச் சற்றுக் குடைந்து வெட்ட வேண்டும், பின்பக்கத்தை அப்படியல்ல. துணியை மடித்து வெட்டினால் இடதும் வலதுமாக ஒரு சோடி வரும். மடிக்க மறந்து இரண்டு தடவை வெட்டினால் இரண்டும் இடது கையாகிவிடும். தேர்ந்த தையற்காரர்களுக்கே வருகிற பிழை அது. கௌரவத்துக்குக் குறைவில்லை. வலது கையைப் பிரித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். மிச்சத் துணியில் இன்னோர் இடது கையை வெட்டி, பிறகு பிரிக்கத்தானே போகிறேன் என்று பெரிய பெரிய தையலாகப் போட்டுப் பொருத்தினேன். படம் எடுத்தேன். "ஐயோ, இரண்டும் இடது கை! திடுக்கிட்டேன்" என்று என்ன உணர்ந்தேன் கட்டத்தில் எழுதினேன்.

படம் ஏறவில்லை. கலியாண வீட்டுக்கு வந்த அவ்வளவு பேரின் போன்களும் ஒரே சிக்னலைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தாங்கியின் பக்கத்தில் போனை உயர்த்திப் பிடித்தபடி அரைமணி நேரம் நின்றேன். கீழே இறங்கி வந்தபோது மெஷினில் சட்டை இல்லை.

"கொக்கா வந்து எடுத்துக்கொண்டு போட்டா" என்றார் அம்மா, பலகாரச் சட்டியிலிருந்து தலையை எடுக்காமல். (கொக்கா என்றால் உன் அக்கா.) "அத்தானோடை மோட்டச்சைக்கிளிலை வந்தவ. அவசரமாம்."

உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லத்தான் எடுத்தேன். அக்கா என்னை முந்திக்கொண்டார்.

"எடி, சட்டை சோக்காயிருக்கு. மருதோண்டி போட்டதாலை போட்டுப் பாக்கேல்லை. இஞ்சை எல்லாருக்கும் காட்டினனான், என்ரை தங்கச்சி போனிலை படிச்சுத் தைச்சது எண்டு. மாமி தனக்கும் ரெண்டு தைக்கத் தரப்போறாவாம்."

அக்கா என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்தப் பாராட்டை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்க விரும்பினேன். "ஓம் அக்கா" என்று மட்டும் சொன்னேன். ஒரு நாளுக்கு அந்தத் தையல் தாங்கும், அக்கா கையை உயர்த்தாவிட்டால் சரி என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கையை உயர்த்துவதற்கென்றே அவரை அங்கே நிறுத்தப்போகிறார்கள் என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை.

மறுநாள் மண்டபத்துக்கு ஊசி, நூல், அக்காவின் உண்மையான வலது கை மூன்றையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். அக்காவைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை. மேக்கப் செய்தவர் விட்டால் மாமி பிடித்தார், மாமி விட்டால் கமராக்காரர் பிடித்தார். கெட்டிமேளம் முழங்கியது. அண்ணன் தாலியைக் கையில் எடுத்தார். அக்கா விளக்கை உயர்த்தினார்.

தையல் ஒவ்வொன்றாக விட்டது. அவ்வளவு மேளத்துக்குள்ளும் அது எனக்குக் கேட்டது என்றால் நம்பமாட்டீர்கள், ஆனால் கேட்டது. சட்டைக் கை தோளிலிருந்து கழன்று, முழங்கை மடிப்பில் வந்து தொங்கியது. சனம் கையிலிருந்த அட்சதையை, அந்த அறுகரிசியை, எறிய மறந்து பார்த்தது. அக்கா விளக்கைத் தாழ்த்தவில்லை. சுடர் அணையக்கூடாது என்று, வெறும் தோளோடு, முகத்தில் ஒரு கோடும் மாறாமல், அண்ணன் மூன்றாம் முடிச்சைப் போடும்வரை அப்படியே நின்றார். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. அதே நேரம் என் அக்காவை நினைத்து அவ்வளவு பெருமையாகவும் இருந்தது. அப்பாவின் தோளில் கிடந்த சால்வையைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய் அக்காவைப் போர்த்தினேன்.

நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா கனடாவிலிருந்து அப்பாவுக்குப் போன் எடுத்தார். "பிள்ளையின்ரை கைக்கு என்ன நடந்தது?" என்றுதான் முதலில் கேட்டாராம், பொம்பிளையை விசாரிக்கவில்லை.

பக்கத்து அறையில் அக்காவும் நானும் தனியாக நின்றோம். நான் கைப்பையைத் திறந்தேன்.

"உது என்ன?" என்றார் அக்கா.

"உங்கடை வலது கை."

"அப்ப இது?"

"இதுவும் இடது, அக்கா. ரெண்டும் இடது."

"மாறி வெட்டிப்போட்டியோ?"

பொய் சொல்ல அருமையான இடம். ஆனால் அக்கா வெறும் தோளோடு நின்றதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. "இல்லை. வேணுமெண்டு வெட்டினனான்."

"என்னத்துக்கு?"

"மாக்ஸுக்கு."

அக்கா சால்வையை இழுத்துச் செருகினார். அறைவார் என்று நினைத்தேன். ஆனால் ஒரு கணக்கு ரீச்சரின் குரலில் கேட்டார்: "எத்தினை மாக்ஸ்?"

"இருபது."

"நூறிலையோ?"

"ஓம்."

"இருபது எண்டால் குறைவில்லை" என்றார். அதற்குப் பிறகுதான் திட்டத் தொடங்கினார். வலது கையைப் பொருத்தி முடிக்கும்வரை திட்டினார். நான் தலையை நிமிர்த்தவில்லை.

மொட்டைமாடியில் ஏறாத அந்தப் பதிவு பிறகும் ஏறவில்லை. வளவாளரிடம் இரண்டு நாள் தவணை கேட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். கட்டிலுக்குக் கீழே இருந்த பையையும் இழுத்து, உள்ளே கிடந்த ஒவ்வொன்றையும் படம் எடுத்துப் போட்டேன். இறுதிப் பதிவில் மட்டும் இருந்த வாடிக்கையாளர் கருத்து என்ற நாலாவது கட்டத்தை அக்கா தானே நிரப்பினார். அது கட்டத்துக்குள் அடங்கவில்லை. சித்தியடைந்து சான்றிதழும் எடுத்துவிட்டேன். வளவாளர் கடைசியாக ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார்: "அக்காவிடம் முதல் நாளே ஏன் சொல்லவில்லை?"

அந்தக் கேள்வியோடு பல நாள் மல்லுக்கட்டினேன். நானே விரும்பி விட்ட பிழையைக்கூட வாய் திறந்து சொல்ல முடியாமல் எது என்னைத் தடுத்தது? பக்கத்தைக் கிழித்த பழக்கமா, ஒரு பாராட்டுக்கு இருந்த பசியா? இரண்டும் கலந்திருந்தது என்று பதில் போட்டேன்.

ரவுண் கடையில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு, இப்போது வீட்டு முன்னறையிலேயே தைக்கிறேன். சட்டை எடுக்க வருகிறவர்கள் அதைப் போட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் அக்கா. எங்கள் வீட்டில் குழம்பு அடிப்பிடித்தாலும், பஸ் தவறினாலும், அண்ணன் கேட்பது ஒன்றுதான்: "படம் எடுத்தாச்சோ? கோப்பிலை போட்டாச்சோ?"

அக்கா இன்றும் எல்லாச் சட்டைகளையும் என்னிடம்தான் தைக்கிறார். முடிந்த சட்டையைக் கையில் எடுத்தால், போட்டுப் பார்க்க முன்னர் என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். "இப்ப நீ ஏதும் படிக்கிறியோ?" நான் இல்லை என்று சொன்னால்தான் கையை நுழைப்பார்.

போன மாதம் தையலில் அடுத்த படிநிலைக்குப் பதிந்திருக்கிறேன். அதிலும் மின்கோப்பு இருக்கிறதாம். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.